லக்சரா, சிட்னியா, லடாக்கா: முதல் முழு சூரிய கிரகணத்தை எங்கே போய்ப் பார்ப்பது?

2009 ஜூலை 22, புதன்கிழமை, காலை 6.20. சூரத் நகரத்தைத் தாண்டி ஒரு கரும்பு வயல் ஓரத்தில் நாங்கள் நான்கு பேர் நின்றிருந்தோம். சென்னையிலிருந்து முப்பது மணி நேரத்துக்கும் மேலான ரயில் பயணம். கையில் ஃபில்டர் கண்ணாடி, ஒரு பழைய பைனாகுலர், ஆளுக்கொரு குறிப்பேடு. வானத்தில் பருவமழை மேகம், ஒரு கிழிசல்கூட இல்லாமல். சொன்ன நேரத்துக்குச் சரியாக மேற்கிலிருந்து இருட்டு வந்தது. ஊருக்குள் தெருவிளக்குகள் எரிந்தன, நாய்கள் குரைத்தன. மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே ஊரே இரவானது. அப்புறம் யாரோ திரையை விலக்கியதுபோல் வெளிச்சம் திரும்பியது. சூரியனை நாங்கள் பார்க்கவே இல்லை.

திரும்பி வரும் ரயிலில் யாரும் அதிகம் பேசவில்லை. அன்றிலிருந்து என் மனதில் இருப்பது ஒரே கணக்குதான்: அடுத்த முறை எங்கே நிற்பது? இந்தக் கட்டுரை அந்தக் கணக்கு. வானம் பார்க்கும் பழக்கமுள்ள, வாழ்நாளில் ஒருமுறையாவது முழு சூரிய கிரகணத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று நினைக்கிற, ஆனால் பணமும் விடுப்பும் அளந்து செலவழிக்க வேண்டியிருக்கிற நம்மைப் போன்றவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஒரு கேள்வியைத் தீர்த்துவிடுவோம். "2019ல நம்ம ஊர்லயே பாத்தோமே, அதுக்கு மேல என்ன இருக்கு?" என்று பலர் கேட்கிறார்கள். 2019 டிசம்பர் 26 அன்று கோவை, திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டை வழியாகப் போனது கங்கண கிரகணம், அதாவது வளைய கிரகணம். அன்று நான் திண்டுக்கல் பக்கம் இருந்தேன். ஒன்பதரை மணிக்கு ஃபில்டர் வழியாக அந்த நெருப்பு வளையம் முழுமையாகத் தெரிந்தபோது மெய்சிலிர்த்தது உண்மை. அம்மா அன்று தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தி வைத்திருந்தார். உலக்கை நிற்கிறதா என்று அவர் பார்க்க, வளையம் வந்துவிட்டதா என்று நான் பார்க்க, கடைசியில் என் கண்ணாடியை வாங்கி அவரும் பார்த்தார். "தங்க வளையல் மாதிரியே இருக்குப்பா" என்றார். அதைவிட நல்ல வருணனை எனக்கு வரவில்லை.

ஆனால் அன்று வானம் இருட்டவில்லை. வெயில் லேசாக மங்கி, நிழல்கள் கூர்மையாகத் தெரிந்தன, அவ்வளவுதான். சூரியனின் விட்டத்தில் 97 சதவீதத்தை நிலவு மறைத்திருந்தது. மிச்சமிருந்த அந்த மெல்லிய விளிம்பே பகலைப் பகலாக வைத்திருக்கப் போதும். சூரியனின் வெளிமண்டலமான கரோனாவின் வெளிச்சம், சூரிய வட்டின் வெளிச்சத்தில் ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒரு பங்கு. முழு நிலவின் வெளிச்சம் அளவுதான் வரும். வட்டின் ஓரத்தில் ஒரு கீற்று வெளியே இருந்தாலும் கரோனா அதில் மூழ்கிவிடும். ஆகவே 99 சதவீத கிரகணம் என்பது 'கிட்டத்தட்ட' முழு கிரகணம் அல்ல. அது வேறு காட்சி. கல்யாண மண்டபத்தின் வாசல்வரை போய்விட்டுத் திரும்பினால் கல்யாணம் பார்த்ததாகிவிடுமா?

கரோனாவைப் பார்க்கக் கிரகணம்தான் வேண்டும் என்ற நிலை அறிவியலுக்கு இன்று இல்லை. ஆதித்யா எல்-1 விண்கலத்தில் இருக்கும் கருவி சூரிய வட்டை மறைத்துக் கரோனாவைப் படமெடுக்கிறது. 2024 டிசம்பர் 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி ஏற்றிச் சென்ற ஐரோப்பாவின் புரோபா-3 இன்னும் ஒரு படி மேலே. இரண்டு கலங்கள் 150 மீட்டர் இடைவெளியில் ஒன்றன் பின் ஒன்றாகப் பறந்து, முன்னது பின்னதன்மேல் நிழல் விழச் செய்து, வேண்டும்போதெல்லாம் செயற்கைக் கிரகணம் உண்டாக்குகின்றன. அந்தப் படங்களைச் சேகரித்து வைக்கிறவன் நான். இருந்தாலும், தலைக்கு மேல் சூரியன் இருந்த இடத்தில் கறுப்பு வட்டமும் அதைச் சுற்றி வெண்முடி விரித்ததுபோல் கரோனாவும் நிற்பதை வெறுங்கண்ணால் பார்ப்பதற்கு எந்தப் படமும் ஈடாகாது என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். அதை நம்பித்தான் செலவு.

ஊரிலேயே காத்திருந்தால்? பூமியில் ஏதோ ஓர் இடத்தை எடுத்துக்கொண்டால், சராசரியாக 375 ஆண்டுக்கு ஒருமுறைதான் அதன் மேல் முழு கிரகணத்தின் நிழல் விழும். நம் மண்ணுக்கு அந்தப் பேறு 1871 டிசம்பர் 12 அன்று கிடைத்தது. சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி அவிநாசியிலிருந்து அதைப் பார்த்தார். பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென் ஊட்டி அருகே சோலூரில் நின்று, கரோனாவின் நிறமாலையில் சூரிய ஒளிக்குரிய கருங்கோடுகளைக் கண்டார். மூன்று ஆண்டுக்கு முன், 1868ல், குண்டூரில் கிரகணம் பார்த்துத்தான் அவர் பெயர் ஹீலியம் என்ற தனிமம் கண்டுபிடிக்கப்பட்ட கதையோடு சேர்ந்தது. அவர்கள் ஊர் தேடி நம்மிடம் வந்தார்கள். இப்போது நாம் ஊர் தேடிப் போகிற முறை.

சரி, எந்த ஊர்? 2026 ஆகஸ்ட் 12 கிரகணத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை. கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, ஸ்பெயின் என்று போகும் அதன் முழுமை, அதாவது சூரியன் முழுவதும் மறைந்திருக்கும் நேரம், அதிகபட்சமே 2 நிமிடம் 18 விநாடி, அதுவும் ஸ்பெயினில் சூரியன் அடிவானத்தில் இறங்குகிற நேரம். ஐரோப்பாவில் இருப்பவர்களுக்குச் சரி, இங்கிருந்து கிளம்புகிறவர்களுக்கு அடுத்த ஆண்டே அதைவிடப் பல மடங்கு நல்லது இருக்கிறது. எனவே என் பட்டியலில் நிற்பவை மூன்று தேதிகள்: 2027 ஆகஸ்ட் 2, 2028 ஜூலை 22, 2034 மார்ச் 20. நடுவில் 2031 மே 21 அன்று நம் மாநிலத்திலேயே ஒரு வளைய கிரகணம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இதில் எதை வைத்து முடிவு செய்வது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சூரத் சொல்லிக்கொடுத்தது. முதலில் வானம் தெளிவாக இருக்கும் வாய்ப்பு, அதன் பிறகுதான் செலவு, அதற்கும் பிறகுதான் எத்தனை நிமிடம் என்பது. பலர் இதைத் தலைகீழாகப் பார்க்கிறார்கள். ஆறு நிமிட மேகத்தைவிட ஒரு நிமிடத் தெளிவு கோடி மடங்கு மேல்.

2027 ஆகஸ்ட் 2 கிரகணத்தின் தனிச்சிறப்பு, வானத் தெளிவும் நீளமும் ஒரே இடத்தில் சேர்வதுதான். நிழல் அட்லாண்டிக்கில் தொடங்கி, ஸ்பெயினின் தென்முனை, மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியா, லிபியா, எகிப்து, சவூதி அரேபியா, ஏமன், சோமாலியா வழியாக இந்தியப் பெருங்கடலில் முடிகிறது. 258 கிலோமீட்டர் அகலமான பாதை. எகிப்தின் லக்சர் அருகே முழுமை 6 நிமிடம் 23 விநாடி வரை நீள்கிறது. இந்த நூற்றாண்டில் இதைவிட நீளமானது எங்களை ஏமாற்றிய அந்த 2009 கிரகணம் ஒன்றுதான், அதன் உச்சமும் பசிபிக் கடல் நடுவில் போய்விட்டது.

ஏன் இவ்வளவு நீளம் என்பதைத் தெரிந்துகொண்டால் ஆசை இன்னும் கூடும். ஜூலைத் தொடக்கத்தில் பூமி சூரியனிலிருந்து மிகத் தள்ளி இருக்கும். ஆகஸ்ட் 2 அதற்கு ஒரு மாதம்கூட ஆகாத தேதி, ஆகவே சூரிய வட்டு சற்றுச் சிறிதாகத் தெரியும். அதே நாளில் நிலவு நமக்கு மிகக் கிட்டத்தில் இருப்பதால் அதன் வட்டு பெரிது. பெரிய மூடி, சிறிய பாத்திரம். அதோடு நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்து நிலம் வேகமாகச் சுழன்று நிழலோடு கூடவே கொஞ்ச தூரம் ஓடுகிறது, நிழல் கடந்து போக நேரம் பிடிக்கிறது. இந்தக் கிரகணத்துக்குக் குடும்பமும் உண்டு. 18 ஆண்டு 11 நாளுக்கு ஒருமுறை ஒரே சாயலில் திரும்பிவரும் கிரகண வரிசையைச் சாரோஸ் என்பார்கள். 1955 ஜூன் 20 அன்று இலங்கை மேல் போன, ஏழு நிமிடத்துக்கும் நீளமான கிரகணம், பிறகு 1973, 1991, 2009, இப்போது 2027 என எல்லாம் ஒரே வரிசை. சூரத்தில் நாங்கள் தவறவிட்டதன் உடன்பிறப்பே திரும்பி வருகிறது. இதை விடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை என்று சொன்னால் புரியும்.

லக்சரில் ஆகஸ்ட் மாதம் மேகம் என்பது அபூர்வம். மழை என்பது கதை. பாலைவனக் காற்றில் தூசி எழுந்தால் வானம் வெளுக்கலாம், அதுதான் அங்கே உள்ள ஒரே அச்சம். அதற்கு விலை வெயில். நாற்பது டிகிரிக்கு மேல் போகும், கிரகணமோ உள்ளூர் நேரம் பிற்பகல் ஒரு மணியை ஒட்டி. சூரியன் 82 பாகை உயரத்தில், ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேரே. நின்று பார்த்தால் கழுத்து போய்விடும், பாய் விரித்துப் படுத்துப் பார்க்க வேண்டும். கோயில் தூணுக்குப் பக்கத்தில் கரோனா தெரிகிற மாதிரி படமெடுக்கலாம் என்று யாராவது கனவு கண்டால் அது நடக்காது. கர்னக் கோயிலின் எந்தத் தூணும் அவ்வளவு உயரமில்லை. வயதானவர்களையும் சின்னப் பிள்ளைகளையும் கூட்டிப்போகிறவர்கள் நிழலும் தண்ணீரும் உள்ள இடத்தை முன்பே பிடித்துவைத்தாக வேண்டும். சூரியன் மறைய மறைய வெப்பம் சட்டென்று இறங்கும் என்பது ஓர் ஆறுதல்.

செலவு லேசானதல்ல. எகிப்துக்கு முன்கூட்டியே விசா எடுக்க வேண்டும். கெய்ரோ வரை விமானம், அங்கிருந்து லக்சருக்கு இன்னொரு விமானம் அல்லது இரவு ரயில். அந்த ஒரு வாரத்துக்கு லக்சரில் அறை வாடகை வழக்கமான வாடகையாக இருக்காது. எங்கள் குழு ஆளுக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஆகும் என்று வைத்துக்கொண்டு மாதாமாதம் ஒதுக்குகிறது. ஒரு யோசனை: பாதை லக்சரோடு நின்றுவிடவில்லை. நைல் ஓரமாக வடக்கே சோஹாக், அசியூட் நகரங்களும் முழுமைக்குள் வருகின்றன. கொஞ்ச நேரம் குறைந்தால் ஒன்றும் குடி முழுகாது, கூட்டம் குறைவாக இருக்கும் ஊரில் தங்குவதே புத்திசாலித்தனம். சுற்றுலா நிறுவனத்தில் பணம் கட்டுகிறவர்கள் இரண்டு கேள்வி கேளுங்கள்: கிரகணம் பார்க்கும் இடம் பாதையின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தூரம்? அன்று தூசி எழுந்தால் பேருந்தில் வேறு இடத்துக்கு நகர ஏற்பாடு உண்டா? இதற்குத் தெளிவாகப் பதில் சொல்லாதவரிடம் பணம் கட்டாதீர்கள்.

அதே நிழல் செங்கடலைத் தாண்டி ஜித்தாவின் மேல் விழுகிறது. அங்கே முழுமை சுமார் 6 நிமிடம். மக்காவிலும் 5 நிமிடத்துக்கு மேல். மஸ்ஜிதுல் ஹராமில் கிரகணத் தொழுகை நடக்கிற நேரத்தில் வானத்தில் முழு கிரகணம் நிற்கும். உம்ராவுக்கு எப்படியும் போக எண்ணியிருக்கும் குடும்பங்கள் தேதியை இதை ஒட்டி வைத்துக்கொண்டால் இரண்டும் கைகூடும். ஜித்தாவில் வேலை செய்யும் தமிழர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு விமானச் சீட்டும் வேண்டாம், மொட்டைமாடி போதும். அவர்களில் பலருக்கு இது தங்கள் தலைக்கு மேல் நடக்கப்போவதே தெரியாது. உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது அங்கே இருந்தால் இன்றே சொல்லிவிடுங்கள், ஃபில்டர் கண்ணாடி வாங்கி வைக்கவும் சொல்லுங்கள். கடலோர ஊர் என்பதால் ஆகஸ்டில் புழுக்கமும் மங்கலும் இருக்கும். கரோனாவின் வெளிப்புற மென்மை லக்சர் அளவுக்குத் தெரியாமல் போகலாம். இருந்தாலும் அங்கே வசிக்கிறவர் அதை விட்டு எகிப்துக்குப் போக வேண்டிய அவசியமில்லை.

ஸ்பெயினின் தென்முனையில் தாரிஃபா, ஜலசந்திக்கு அப்பால் மொராக்கோவின் தாஞ்சியர் இரண்டிலும் நாலரை நிமிடத்துக்கு மேல் கிடைக்கும். வெயில் எகிப்து அளவுக்கு வாட்டாது. லண்டன், பாரிஸ் பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு இது பொருத்தம். இங்கிருந்து அவ்வளவு தூரம் போகிறவர் குறைந்த நிமிடத்துக்கு அதிகப் பணம் கொடுப்பார். அதனால் நான் மேலே யோசிக்கவில்லை.

அடுத்தது 2028 ஜூலை 22, சனிக்கிழமை. நிழல் ஆஸ்திரேலியாவின் வடமேற்கே கிம்பர்லி பகுதியில் ஏறி, கண்டத்தைக் குறுக்காக வெட்டி, சிட்னி மாநகரத்தின் நடுவே கடலில் இறங்கி நியூசிலாந்தின் தென்தீவைத் தொடுகிறது. கிம்பர்லியில் 5 நிமிடத்துக்கு மேல். சிட்னியில் 3 நிமிடம் 48 விநாடி அளவில், பிற்பகல் இரண்டு மணி வாக்கில். சிட்னியில் முழு கிரகணம் கடைசியாக விழுந்தது 1857ல், இதற்குப் பிறகு விழப்போவது 2858ல். அந்த நகரத்தில் வாழ்கிறவர்களுக்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில் பக்கம் அண்ணனோ அக்காவோ இருக்கும் குடும்பங்கள் நம்மில் நிறைய. அவர்களுக்குச் சிட்னி என்பது கிரகணப் பயணம் மட்டுமல்ல, இத்தனை வருடமாகத் தள்ளிப்போட்ட உறவுப் பயணமும்கூட. தங்கும் செலவு மிச்சமாகும்போது கணக்கு மாறிவிடுகிறது. சூரியன் அங்கே 29 பாகை உயரத்தில்தான் இருக்கும். துறைமுகப் பாலத்தையும் கரோனாவையும் ஒரே பார்வையில் வைத்துப் பார்க்கலாம், லக்சரில் கிடைக்காத காட்சி அது. ஆனால் அங்கே அது குளிர்காலம், கடலோரம். மேகம் வரலாம், வராமலும் போகலாம். நான் சிட்னி போவதாக இருந்தால் ஊருக்குள் நிற்க மாட்டேன். முந்தின நாளே காரை எடுத்துக்கொண்டு நீலமலைகளைத் தாண்டி உள்நாட்டில் டப்போ பக்கம் போய்த் தங்குவேன். கடற்காற்று கொண்டுவரும் மேகம் மலைக்கு அப்பால் குறைவு, பாதையும் அங்கே போகிறது. கிம்பர்லியில் ஜூலை வறட்சிக் காலம். வானம் சிட்னியைவிட எவ்வளவோ நம்பகமானது. தூரமும் தனிமையும்தான் சிக்கல். ஊருக்கும் ஊருக்கும் நடுவே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர், அனுபவமில்லாதவர் குடும்பத்தோடு போக வேண்டிய இடமல்ல.

ஆஸ்திரேலியாவுக்கு ஆதரவாக நான் சொல்லும் வலுவான வாதம் பகலில் இல்லை, இரவில் இருக்கிறது. சூரிய கிரகணம் அமாவாசையில்தான் வரும். ஆகவே எந்தக் கிரகணப் பயணத்திலும் அன்றைய இரவு நிலவில்லாத இரவு. டப்போ போன்ற ஊருக்கு வெளியே, ஜூலை இரவில், பால்வீதியின் மையப்பகுதி நேர் தலைக்கு மேல் வந்து நிற்கும். நம்மூரிலிருந்து தென்கோடி அடிவானத்து மங்கலுக்குள் போய்விடும் மெகல்லன் மேகங்கள், அந்த இரண்டு துணை விண்மீன் மண்டலங்கள், அங்கே வெறுங்கண்ணுக்கு மேகத்துண்டுபோல் தெரியும். தென்வானத்தை ஒருமுறையும் பார்க்காத வான ஆர்வலருக்கு இந்த இரவுக்காகவே அந்தச் சீட்டு வாங்கலாம். எனக்கு இரண்டு பயணத்துக்கும் வசதி இருந்தால் இரண்டும் போவேன். ஒன்றுதான் என்றால் வானத்தெளிவு என்ற முதல் அளவுகோலில் லக்சர் முந்துகிறது.

இனி 2034 மார்ச் 20. இந்தியாவுக்குள்ளேயே முழு கிரகணம்! ஆப்பிரிக்காவில் தொடங்கி எகிப்து, சவூதி, குவைத், ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் தாண்டி காஷ்மீர், லடாக் பகுதியைத் தொட்டுச் சீனாவுக்குள் போகிறது. விசா வேண்டாம், பாஸ்போர்ட் வேண்டாம். "இன்னும் கொஞ்ச வருஷம் பொறுத்தா நம்ம நாட்டுலயே பாத்துடலாமே, எதுக்கு எகிப்து?" என்பவர்களின் நம்பிக்கை இதுதான். அந்த நம்பிக்கையை உடைக்க எனக்கு ஆசையில்லை. ஆனால் அதன் மேல் மட்டும் எல்லாவற்றையும் பந்தயம் கட்டாதீர்கள் என்று சொல்லத்தான் வேண்டும்.

மார்ச்சில் அந்த மலைகளில் குளிர்காலம் முழுதாக விலகியிருக்காது. பனிப்பொழிவும் மேகமும் எப்போது வரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. சாலைகள் பனியில் மூடிக்கிடக்கலாம். லே நகரத்துக்கு விமானத்தில் போகலாம், ஆனால் 3,500 மீட்டர் உயரத்தில் உடம்பு பழக இரண்டு நாள் ஓய்வு வேண்டும். கிரகணம் அங்கே மாலையில். சூரியன் மேற்கில் தாழ்ந்திருக்கும், நாம் நிற்கிற பள்ளத்தாக்கின் மேற்கே ஒரு மலை முகடு நின்றால் சூரியன் அதற்குப் பின்னால் போய்விடும். மேகமில்லாமலே கிரகணம் தவறும்! எனவே பாதைக்குள் மேற்கு திறந்திருக்கும் இடமாகத் தேடி முன்கூட்டியே ஒருமுறை நேரில் போய்ப் பார்த்து வர வேண்டும். இவ்வளவும் கூடிவந்தால், பனிமலைகளின் மேல் நிலவின் நிழல் ஓடிவருவதைப் பார்ப்பது இந்த மூன்றிலும் அழகான காட்சியாக இருக்கும். அந்தப் பயணத்தோடு ஹன்லே வானாய்வகம் இருக்கும் பகுதியையும் சேர்த்துக்கொண்டால் நாட்டின் மிகச் சிறந்த இருள்வானமும் கிடைக்கும்.

2034க்கும் ஒரு வம்சாவளி உண்டு, அதுதான் என்னை அதன் பக்கம் இழுக்கிறது. மூன்று சாரோஸ் சேர்ந்தால் 54 ஆண்டும் ஒரு மாதமும். அப்போது கிரகணம் ஏறக்குறைய அதே தீர்க்கரேகைக்குத் திரும்பும். 1980 பிப்ரவரி 16 அன்று கர்நாடகம், ஆந்திரம் வழியாகப் போன முழு கிரகணத்தின் மூன்றாவது திரும்புதல்தான் இது, வடக்கே நகர்ந்து வருகிறது. 1980ல் கிரகண நேரத்தில் பல ஊர்களில் தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்தன என்று பெரியவர்கள் சொல்வார்கள். அன்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இதை வெளியே நின்று பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

இப்போது 2031 மே 21, புதன்கிழமை. நிழல்பாதை கேரளத்தில் நுழைந்து தேனி, மதுரை வழியாகப் போய் இலங்கையின் வடபகுதியைத் தொடுகிறது. நண்பகலை ஒட்டி, சூரியன் உச்சியில். இது வளைய கிரகணம், ஆகவே முன்னே சொன்னதுபோல் இருட்டு வராது, கரோனா வராது. எந்த நொடியிலும் ஃபில்டரைக் கண்ணிலிருந்து எடுக்கவும் கூடாது. ஆனால் இதை மட்டமாகச் சொல்கிறவர்களோடு நான் சேர மாட்டேன். பேருந்துச் சீட்டு விலையில் கிடைக்கிற வான நிகழ்ச்சி இது. அக்னி நட்சத்திரம் முடியாத நாள், வெயிலுக்குக் குறைவிருக்காது. முன்பருவ மேகம் மேற்கு மலையோரத்தில் கூடலாம், தேனியைவிட மதுரைக்குக் கிழக்கே தெளிவு அதிகம் எதிர்பார்க்கலாம். பள்ளிப்பிள்ளைகள் விடுமுறையில் இருப்பார்கள். வெளிநாட்டுப் பயணத்துக்கு வழியே இல்லாத குடும்பங்கள் மனம் தளர வேண்டாம், இதற்கு இப்போதிருந்தே தயாராகலாம். சல்லடையை வெயிலில் பிடித்தால் தரையில் நூறு வளையங்கள் விழும். புங்க மரத்தடியில் இலை இடுக்குகளே அதைச் செய்துவிடும். 2019ல் எங்கள் தெருப் பிள்ளைகள் ஃபில்டரைவிட அதைத்தான் ரசித்தார்கள்.

கண்ணைப் பற்றி ஒரு சொல், ஏனென்றால் இங்கேதான் வளையத்துக்கும் முழுமைக்கும் நடைமுறை வேறுபாடு. முழு கிரகணத்தில் வைர மோதிரம்போல் கடைசிப் பொட்டு மின்னி அணைந்த பிறகு, முழுமை நீடிக்கும் நிமிடங்களில் மட்டும் வெறுங்கண்ணால் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். அப்போது ஃபில்டரை மாட்டிக்கொண்டிருந்தால் ஒன்றும் தெரியாது. மறுபுறம் முதல் பொட்டு மின்னியதும் திரும்ப மாட்டிவிட வேண்டும். ஐஎஸ்ஓ 12312-2 தரம் குறித்த கண்ணாடியே வாங்குங்கள். எக்ஸ்ரே ஃபிலிம், கூலிங்கிளாஸ், புகையேற்றிய கண்ணாடித் துண்டு எதுவும் வேண்டாம். சாதாரணப் பைனாகுலர் ஒன்றை முழுமை நேரத்துக்காக எடுத்துப்போங்கள். வட்டின் ஓரத்தில் இளஞ்சிவப்பாக எழும் தீப்பிழம்புகள் அதில்தான் நன்றாகத் தெரியும். 2027ல் வெள்ளிக் கோளும் சூரியனுக்கு மிக அருகில் பளிச்சென்று நிற்கும். கேமராவை நான் கொண்டுபோகப் போவதில்லை. முதல் முறை பார்க்கிறவர் ஆறு நிமிடத்தில் நாலு நிமிடத்தைப் பொத்தான்களோடு கழித்துவிட்டு வருவது எனக்கு ஒப்பவில்லை. நல்ல படங்கள் வேறு யாராவது எடுப்பார்கள்.

ஆக, என் தேர்வு 2027, எகிப்து. சிட்னியில் உறவுள்ளவர்களுக்கு 2028தான் சரி, நானே அதைத்தான் சொல்வேன். செலவுக்கு வழியில்லாதவர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் 2031ல் மதுரையில் கையைப் பழக்கிக்கொண்டு 2034க்குச் சேமிக்கத் தொடங்கலாம். அவர்களுக்குக் காலம் இருக்கிறது. என் வயதில், ஒரு முறை மேகத்திடம் தோற்றவனாக, நிச்சயமான வானத்தை விட்டு நிச்சயமில்லாத மலைக்குக் காத்திருக்க என்னால் முடியவில்லை. 2027 ஆகஸ்ட் 2 திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை கிளம்ப விடுப்பு சொல்லிவைத்தாயிற்று. ஊரில் இருக்கும் அம்மாவுக்கு அன்று மாலை பகுதி கிரகணம் தெரியும், பழைய கண்ணாடி கீறல் விழுந்திருப்பதால் புதிது வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

சூரத் வயலோரத்தில் நின்ற நால்வரில் மூன்று பேர் லக்சர் போகிறோம். நாலாவது ஆள் ஜித்தாவில் வேலையில் இருக்கிறார். அவருக்கு அன்று விடுப்பு இல்லை. நிழல் எங்களைக் கடந்து சுமார் இருபது நிமிடத்தில் அவர் மேல் விழும். போன வாரம் பேசும்போது சொன்னார்: "நீங்க பாத்து முடிச்ச உடனே ஒரு போன் மட்டும் போடுங்கப்பா. எப்படி இருந்துச்சுன்னு சொல்லாதீங்க. வந்துடுச்சுன்னு மட்டும் சொல்லுங்க, நான் மாடிக்குப் போயிடறேன்."